குருதியும் வழியும்: உயர் இரத்த அழுத்த மூளை இரத்தக்கசிவுக்கான நுண்துளை அறுவை மருத்துவம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

உயர் இரத்த அழுத்தத்தால் மூளைக்குள் ஏற்படும் இரத்தக்கசிவை அறுவை மருத்துவத்தால் அகற்றுவது பயன் தருமா என்னும் வினா அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகில் விவாதிக்கப்பட்டு வருகிறது. 1961இல் இலண்டனில் வெளியான முதல் ஒப்பீட்டு ஆய்வு முதல் 2024இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு வரையிலான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தேங்கிய இரத்தத்தை எடுப்பதால் வரும் நன்மையைவிட, அதை அடையும் வழியில் நலமான மூளைக்கு நேரும் தீங்கே இவ்வரலாற்றின் போக்கைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. ‘நுண்துளை’ என்னும் சொல்லின் பொருள் காலந்தோறும் மாறி வந்ததும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மூளை இரத்தக்கசிவு, உயர் இரத்த அழுத்தம், நுண்துளை அறுவை, மருத்துவ வரலாறு, ஒப்பீட்டு ஆய்வு

முன்னுரை

1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் அருகருகே அமர்ந்திருந்த மூன்று தலைவர்களுள் இருவர் பின்னர் மூளை இரத்தக்கசிவால் மாண்டனர். மாநாடு முடிந்து இரண்டு மாதங்கள் நிறைவுற்ற நிலையில், ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தலைவலிப்பதாகக் கூறிச் சரிந்தார். சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. அவருடைய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் அப்போது அளந்த இரத்த அழுத்தம் 300/190ஐக் கடந்திருந்தது. ஓராண்டுக்கு முன்பே, 1944 மார்ச்சில், அது 186/108 என்று பதிவாகியிருந்தது. எனினும் அக்காலத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் நம்பத்தகுந்த மருந்து எதுவும் மருத்துவர் கையில் இல்லை. சர்ப்பகந்தி வேரின் ஆற்றலை உலக மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டு சென்ற, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீலின் கட்டுரை 1949இல்தான் வெளிவந்தது.

1953 மார்ச் தொடக்கத்தில் மாஸ்கோவை அடுத்த குன்த்செவோ மாளிகையில் ஸ்டாலின் நினைவிழந்து தரையில் கிடந்தார். இரத்த அழுத்தம் 190/110. மருத்துவர்கள் அட்டைகளைக் கடிக்கவிட்டு இரத்தம் உறிஞ்சச் செய்தனர். மார்ச் 5 அன்று அவர் இறந்தார். மூளையின் இடப்பாதியில் இரத்தம் பெருகியிருந்ததைப் பிணக்கூறாய்வு உறுதி செய்தது.

இவ்விரு நிகழ்வுகளின் காலத்தில் மூளை அறுவை மருத்துவம் பல பத்தாண்டுகள் வளர்ந்திருந்தது. கட்டிகளை அகற்றவும், தலையில் அடிபட்டோரின் மண்டையோட்டுக்கடியில் தேங்கிய இரத்தத்தை வடிக்கவும் மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் மூளையின் உட்பகுதியில் கசிந்த இரத்தத்தைத் தொட அவர்கள் தயங்கினர். அத்தயக்கம் அறியாமையால் மட்டும் விளைந்ததன்று.

கசிவின் இருப்பிடம்

பக்கவாதத்தில் திடீரெனச் சாய்வோருள் சிலருக்கு மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்பதைப் பிணக்கூறாய்வின் வழி நிறுவியவர் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரைச் சேர்ந்த ஜோஹன் ஜேக்கப் வெப்ஃபர். அவருடைய நூல் 1658இல் வெளிவந்தது. அதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, 1868இல், பாரிஸ் நகரில் சார்க்கோவும் புஷாரும் கசிவின் மூலத்தைத் தேடி, மூளையின் ஆழத்திலுள்ள நுண்தமனிகளில் தினையளவு புடைப்புகளைக் கண்டு விவரித்தனர். அப்புடைப்புகள் உடைவதே கசிவுக்குக் காரணம் என்ற அவர்களின் கருத்தைப் பிற்காலத்தார் முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் இடத்தைப் பற்றிய அவர்களின் கணிப்பு நிலைத்தது. மூளையின் நடுத்தமனியிலிருந்து ஏறத்தாழச் செங்கோணத்தில் பிரிந்து ஆழத்துக்குள் செல்லும் மெல்லிய கிளைகளே உயர் அழுத்தத்தின் தாக்குதலை முதலில் தாங்குகின்றன. பெருங்குழாயின் அழுத்தம் படிப்படியாகத் தணிய வாய்ப்பின்றி நேராக அந்த இழை போன்ற தமனிகளுக்குள் பாய்கிறது. ஆண்டுக்கணக்கில் அவற்றின் சுவர் நைந்து ஒருநாள் உடைகிறது. 1971இல் மில்லர் ஃபிஷர் இதனோடு இன்னொன்றைச் சேர்த்தார்: முதலில் உடைந்த தமனியின் இரத்தம் அண்டை நுண்தமனிகளை இழுத்துக் கிழிக்க, கசிவு பனிச்சரிவுபோல் பெருகக்கூடும் என்பது அவர் கண்டது.

இந்த இடம் எளிதில் அணுகத்தக்கதன்று. அடித்தள நரம்புமுடிச்சு எனப்படும் அப்பகுதியை ஒட்டியே கைகால்களை இயக்கும் நரம்பிழைகள் ஒரே கற்றையாகக் கீழிறங்குகின்றன. மேற்பரப்பிலிருந்து அங்குச் செல்ல வேண்டுமாயின் பேச்சுக்கும் உணர்வுக்கும் உரிய நலமான மூளைத்திசுவைக் கடந்தாக வேண்டும். கசிந்து தேங்கிய இரத்தம் (இக்கட்டுரையில் இனி ‘இரத்தத்திரள்’) ஏற்கனவே செய்த சேதத்தோடு, அதை எடுக்கச் செல்லும் வழியின் சேதமும் சேரும்.

நோயின் அடிப்படையை அளவிடும் கருவி இருபதாம் நூற்றாண்டின் வாயிலில் கிடைத்தது. இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896இல் அறிமுகப்படுத்திய கைப்பட்டை அழுத்தமானியை 1901இல் பாவியா நகரில் கண்ட ஹார்வி குஷிங், அதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். மண்டையோட்டுக்குள் நெருக்கம் மிகும்போது மூளைக்கு இரத்தம் செலுத்த உடல் தன் அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது என்று அவர் காட்டியதும் அதே காலத்தில்தான். 1905இல் கொரோட்காஃப், தமனியின் ஒலியைக் கேட்டு இரு அளவுகளையும் அறியும் முறையை வகுத்தார். ரூஸ்வெல்ட்டின் அழுத்தத்தை எண்ணால் பதிவு செய்ய முடிந்தது இவர்களின் பணியால். எண்ணை அறிந்தும் எதுவும் செய்ய இயலாமற் போனது வேறு.

1961ஆம் ஆண்டின் தீர்ப்பு

அறுவையா, அறுவையின்றிப் பேணலா என்ற வாதத்தை முதன்முதலில் முறையான ஒப்பீட்டுக்கு உட்படுத்தியவர்கள் இலண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையின் வைலி மெக்கிசாக்கும் அவருடைய உடன்பணியாளர்களான ரிச்சர்ட்சன், டெய்லர் ஆகியோரும் ஆவர். 180 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து அவர்கள் நடத்திய ஆய்வு 1961இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அறுவை செய்யப்பட்டோருள் 65 விழுக்காட்டினர் இறந்தனர்; அறுவையின்றிப் பேணப்பட்டோருள் இறந்தோர் 51 விழுக்காட்டினர்.

இம்முடிவு ஒரு தலைமுறைக்கு வழிகாட்டியாயிற்று. மூளை இரத்தக்கசிவுக்கு அறுவை கூடாது என்ற பாடம் அதிலிருந்து பெறப்பட்டது. ஆனால் அந்த ஆய்வின் மருத்துவர்கள் எத்தகைய இருளில் பணியாற்றினர் என்பதையும் கருத வேண்டும். இரத்தத்திரள் எங்கே, எவ்வளவு உள்ளது என்பதை நேரில் காட்டும் படம் அன்று இல்லை. தமனிகளுக்குள் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்கதிர்ப் படத்தில் அவை விலகியிருப்பதைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருந்தது. மண்டையோட்டை அகலத் திறந்து, மூளையை விலக்கிப் பிடித்துத் தேடுவதே அறுவை. ஆகவே 1961ஆம் ஆண்டின் தீர்ப்பு அன்றைய வழிக்கு எதிரான தீர்ப்பே. அதை இரத்தத்திரளை அகற்றுவதற்கே எதிரான தீர்ப்பாகப் படித்தவர்கள் அவசரப்பட்டார்கள் என்று கூற இடமுண்டு.

அந்த இருளை நீக்கிய ஒளியும் அதே மருத்துவமனையில்தான் முதலில் ஏற்றப்பட்டது. 1971 அக்டோபர் 1 அன்று, காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது அட்கின்சன் மார்லியில். புதிதாகக் கசிந்த இரத்தம் அப்படத்தில் வெண்மையாகத் தெளிவுறத் தெரிந்தது. அதன் பருமனை மில்லிலிட்டரில் கணக்கிடவும் முடிந்தது.

ஸ்டாக்ஹோமின் திருகும் ஜப்பானின் குழாயும்

படம் கிடைத்த பின், படம் காட்டும் புள்ளிக்குத் துல்லியமாகச் செல்லும் கருவி தேவைப்பட்டது. அது ஏற்கனவே வேறொரு நோக்கத்துக்காக உருவாகியிருந்தது. விலங்குகளின் மூளையில் குறித்த புள்ளியை அடைய ஹார்ஸ்லியும் கிளார்க்கும் 1908இல் அமைத்த சட்டகத்தின் வழித்தோன்றலாக, மனிதருக்கான சட்டகத்தை 1947இல் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிஸும், 1949இல் ஸ்வீடனில் லார்ஸ் லெக்செலும் அமைத்தனர். தலையில் பொருத்தப்படும் அச்சட்டகம் மூளையின் எப்புள்ளியையும் நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று அளவுகளால் குறிக்கும்.

லெக்செலின் மரபில் வந்த பேக்லண்டும் அவருடன் வான் ஹோல்ஸ்டும் 1978இல் ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு புதிய முறையை வெளியிட்டனர். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, சட்டகத்தின் வழிகாட்டலில் ஒரு மெல்லிய குழலை இரத்தத்திரளுக்குள் செலுத்துவது அம்முறை. இதிலிருந்த இடர் வேறு: கசிந்த இரத்தத்தின் பெரும்பகுதி விரைவில் உறைந்துவிடும், உறைந்ததைக் குழல் வழியே உறிஞ்ச முடியாது, வலிந்து உறிஞ்சினால் மூளைத்திசுவும் சேர்ந்து வரும். இதற்கு அவர்கள் கண்ட தீர்வு, ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கும் நீரிறைக்கும் திருகு. குழலுக்குள் சுழலும் திருகு உறைவை நறுக்கி மேலேற்றியது. வயலுக்கு நீரேற்றிய பழங்கருவி மூளைக்குள் நுழைந்தது மருத்துவ வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்று. அம்முறையை வெளியிட்டவர்கள் இரத்தத்திரளை முழுதும் எடுக்க முயலவில்லை என்பதும் கருதத்தக்கது. கட்டுப்பாட்டுடன் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதே அவர்கள் நோக்கம்.

இம்முறை ஆழமாக வேரூன்றிய நாடு ஜப்பான். அதற்குக் காரணம் இருந்தது. 1951இல் காசநோயை முந்திய பக்கவாதம், 1981இல் புற்றுநோய் அதை முந்தும் வரை ஜப்பானியரின் இறப்புக்கு முதற்காரணமாக விளங்கியது. உப்பிட்ட ஊறுகாயும் மிசோவும் மிகுந்த உணவு, குறிப்பாக அகிதா முதலிய வடகிழக்குப் பகுதிகளில், அழுத்தத்தை உயர்த்தியது. 1961ஆம் ஆண்டின் இலண்டன் முடிவை ஏற்று ஒதுங்கியிருக்க ஜப்பானிய மருத்துவர்களால் இயலவில்லை. 1972இல் சுசுகியும் சாட்டோவும் பக்கவாட்டுப் பிளவின் வழியே ஆழத்தை அடையும் பாதையை விவரித்தனர். கசிவு ஏற்பட்ட ஏழு மணி நேரத்துக்குள் அறுவை செய்த 100 நோயாளிகளின் நீண்டகால விளைவைக் கனேகோவின் குழு 1983இல் வெளியிட்டது.

1984இல் தொகுஷிமாவின் மட்சுமோட்டோவும் ஹோண்டோவும் 51 நோயாளிகளிடம் கையாண்ட முறையே பிற்கால நுண்துளை அறுவைக்கு முன்மாதிரியாயிற்று. அவர்கள் திருகைக் கைவிட்டனர். துளை வழியே திரவமாயுள்ள இரத்தத்தை மட்டும் மெல்ல உறிஞ்சிவிட்டு, ஒரு குழாயை அங்கேயே நிறுத்தி, உறைவைக் கரைக்கும் யூரோகினேஸ் மருந்தை அதன் வழியே செலுத்தி, கரைந்தது தானே வடியவிட்டனர். அறுவை மேசையில் ஒரே அமர்வில் முடிந்த செயல், படுக்கையருகே பொறுமையாக நிகழ்வதாயிற்று.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆவர் குழுவினர் மூன்றாவது வழியைத் தேர்ந்தனர். மீயொலியின் துணையுடன் அகநோக்கிக் குழலைச் செலுத்தி, கண்ணால் கண்டு கழுவி எடுப்பது அது. 100 நோயாளிகளைக் கொண்ட அவர்களின் ஒப்பீட்டு ஆய்வு 1989இல் வெளியானது. ஆறு மாதங்களில் இறந்தோர் அறுவைக் குழுவில் 42 விழுக்காடு, மற்றதில் 70 விழுக்காடு. நுண்துளை வழிக்குக் கிடைத்த முதல் வெற்றி இது. ஆனால் அந்நன்மை மேற்பரப்புக்கு அருகிலிருந்த கசிவுகளிலேயே தெளிவாகத் தெரிந்தது. ஆழப்பகுதியில் கசிந்தோருக்கு அது கிட்டவில்லை. ஒரே மருத்துவமனையின் சிறு ஆய்வு என்று இதை ஒதுக்கியோரும் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே வேறுபாடு மீண்டும் எழும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இடமில்லை.

காலம் என்னும் இடர்

அறுவையை எப்போது செய்வது என்பதிலும் முரண் இருந்தது. சின்சினாட்டியில் பிராட் குழுவினர் 103 நோயாளிகளை மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு, முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நால்வரில் ஒருவருக்கும் மேலானோரிடம் இரத்தத்திரள் கணிசமாகப் பெருகியதைக் காட்டியது. கசிவு ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும் என்ற பழைய எண்ணம் அதனோடு தகர்ந்தது. அப்படியாயின் விரைந்து அறுவை செய்வதே முறை எனத் தோன்றும். ஹூஸ்டனில் நான்கு மணி நேரத்துக்குள் மண்டையோட்டைத் திறந்து செய்த ஆய்வோ, 11 பேருடன் நிறுத்தப்பட்டது. அறுவைக்குப் பின் மீண்டும் கசிந்ததே காரணம். விரைந்தால் மறுகசிவு, தாமதித்தால் இரத்தத்தின் நச்சும் வீக்கமும் சுற்றுத்திசுவை அழித்திருக்கும்.

இச்சூழலில் நியூகாசிலின் டேவிட் மெண்டலோ தலைமையில் 27 நாடுகளில் 1033 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ‘ஸ்டிச்’ ஆய்வு 2005இல் வெளிவந்தது. நல்ல நிலை எய்தியோர் விரைவறுவைக் குழுவில் 26 விழுக்காடு, பேணல் குழுவில் 24 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்பதே முடிவு. மேற்பரப்புக் கசிவுகளை மட்டும் தேர்ந்து 601 பேரிடம் நடத்திய இரண்டாவது ‘ஸ்டிச்’ ஆய்வும் 2013இல் அவ்வாறே முடிந்தது.

‘ஸ்டிச்’ ஆய்வைப் படிப்போர் ஒன்றை மறக்கலாகாது. எந்த வழி சிறந்தது என மருத்துவருக்கே ஐயமிருந்த நோயாளிகள் மட்டுமே அதில் சேர்க்கப்பட்டனர். அறுவை கட்டாயம் தேவை என்று மருத்துவர் உறுதியாகக் கருதியவர் ஆய்வுக்கு வெளியிலேயே நின்றார். பேணல் குழுவில் நான்கில் ஒரு பங்கினர் நிலை மோசமாகிப் பின்னர் அறுவைக்கே மாற்றப்பட்டனர். அறுவை செய்யப்பட்டோரில் பெரும்பான்மையினருக்கு நடந்ததோ மண்டையோட்டைத் திறக்கும் பழைய முறை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வினாவின் மையத்தில் நின்றது 1961ஆம் ஆண்டின் வழியே.

ஊசி, மருந்து, எஞ்சிய அளவு

சீனாவில் ஒரு தனிப்போக்கு வளர்ந்தது. துளையிடும் ஊசியும் வடிகுழலும் ஒன்றாய் அமைந்த, சில மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவியை எண்ணற்ற மருத்துவமனைகள் கையாண்டன. விலை குறைந்த அக்கருவிக்குப் பெரிய அறுவைக்கூடமும் தேவைப்படவில்லை. அடித்தள நரம்புமுடிச்சில் 25 முதல் 40 மி.லி. வரை கசிந்த 377 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மூன்று மாதங்களுக்குப் பின் பிறரைச் சார்ந்து வாழும் நிலையிலிருந்தோர் ஊசி முறையில் ஏறத்தாழ 41 விழுக்காடு, பேணலில் 63 விழுக்காடு. இறப்பில் வேறுபாடு நிறுவப்படவில்லை. ஆழப்பகுதிக்கு நன்மை காட்டிய அரிய ஆய்வு இது. மேலைநாட்டு இதழ்களின் விவாதத்தில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் டேனியல் ஹேன்லி முதலியோர், மட்சுமோட்டோ முறையை வளர்த்தெடுத்து, யூரோகினேஸுக்கு மாற்றாக ஆல்டிபிளேஸ் மருந்தைக் கையாண்டனர். கசிவு நின்றுவிட்டதை மறுஸ்கேன் உறுதி செய்த பின்பே குழாயைச் செலுத்தி, எட்டு மணிக்கொரு முறை 1 மி.கி. என உயர்ந்த அளவாக ஒன்பது முறை மருந்தளித்தனர். ‘மிஸ்டி’ எனப்பட்ட இம்முயற்சியின் மூன்றாம் கட்டத்தில் 506 பேர் சேர்க்கப்பட்டனர். முடிவு 2019இல் வெளியானது. இரத்தத்திரள் சராசரியாக 69 விழுக்காடு குறைந்தது. ஆயினும் ஓராண்டுக்குப் பின் நல்ல நிலையிலிருந்தோர் 45 விழுக்காடு. பேணல் குழுவில் 41. ஆய்வின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்ள இவ்வேறுபாடு போதவில்லை.

எஞ்சிய இரத்தம் 15 மி.லி. அல்லது அதற்குக் கீழ் வந்தோரிடம் மட்டும் பயன் தென்பட்டது. எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதைவிட எவ்வளவு விட்டுவைக்கப்பட்டது என்பதே முதன்மையானது என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது. ஆனால் எளிதில் வடியத்தக்க இரத்தத்திரள் கொண்டோரே அவ்வெல்லையை எட்டியிருக்கவும் கூடும். ஆதலின் இதைக் காரணமாகக் கொள்ளாமல் குறிப்பாகக் கொள்வதே தகும். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியும் நுண்துளை முறை இறப்பைக் குறைக்க உதவலாம் என ஏற்று, செயல்திறன் மீளுமா என்பதை உறுதியற்றதென விட்டுவைத்தது.

இதனிடையே அறுவையைத் தொடாத ஒரு முயற்சியும் பலனளித்தது. இந்தியா, இலங்கை உட்படப் பத்து நாடுகளில் 7036 நோயாளிகளுடன் நடந்து 2023இல் வெளியான ‘இன்டராக்ட்-3’ ஆய்வில், இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழிறக்குவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, உறைதடுப்பு மருந்தின் விளைவை மாற்றுவது ஆகியவற்றை ஒருசேரச் செய்தபோது நோயாளிகளின் நிலை மேம்பட்டது. துளையிடும் கருவி வாங்க இயலாத மருத்துவமனைக்கும் இது இயலும்.

அகன்ற குழலும் நுண்துளையே

2024 ஏப்ரலில் வெளியான ‘என்ரிச்’ ஆய்வு எமரி பல்கலைக்கழகத்தின் பிரடில்லா முதலியோரால் நடத்தப்பட்டது. 30 முதல் 80 மி.லி. வரை கசிந்த 300 பேருக்கு, 24 மணி நேரத்துக்குள் இரத்தத்திரள் அகற்றப்பட்டது அல்லது பேணல் மட்டும் அளிக்கப்பட்டது. இதில் பயன்பட்ட குழலின் விட்டம் 13.5 மி.மீ.; சீன ஊசியைப் போலப் பல மடங்கு. அகலத்தைக் கொண்டு அளந்தால் இதை நுண்துளை என்பது பொருந்தாது. ஆனால் இக்குழல் மூளையின் மடிப்புக்கு இடையே நுழைந்து, நரம்பிழைகளின் போக்குக்கு இணையாக, அவற்றை வெட்டாமல் விலக்கிச் செல்லுமாறு அமைக்கப்பட்டது. எவ்வளவு சிறிய துளை என்பது 1978இல் கேட்கப்பட்டது; எந்தத் திசையில் துளை என்பது 2024இல். சொல் மாறாமலிருக்க அதன் பொருள் மாறிவிட்டது.

முடிவு அறுவைக்குச் சாதகமாயிற்று. ஆறு மாதத்துக்குப் பின் செயல்திறனை 0 முதல் 1 வரை மதிப்பிடும் அளவுகோலில் அறுவைக் குழு 0.458, மற்றது 0.374 பெற்றன. முப்பது நாளில் இறந்தோர் 9.3 விழுக்காடு, 18.0 விழுக்காடு. கருவியை உற்பத்தி செய்யும் நிறுவனமே ஆய்வுக்கு நிதி வழங்கியது என்பது உடன் வைத்துப் படிக்கத்தக்கது.

மற்றொரு செய்தி முன்னிலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 175 பேர் சேர்ந்த நிலையில், முன்னரே வகுத்த விதியின்படி, அடித்தள நரம்புமுடிச்சில் கசிந்தோரைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அவர்களுக்குப் பயன் கிட்டும் வாய்ப்பு குறைவென இடைக்கணிப்பு காட்டியதே காரணம். இறுதிக் கணக்கில் மேற்பரப்பு மடல்களில் கசிந்தோருக்கு வேறுபாடு 0.127, ஆழத்தில் கசிந்த 92 பேருக்கு –0.013, அதாவது பயனே இல்லை. முதியோரின் மடற்கசிவுகளுக்குத் தமனிச்சுவரில் படியும் அமிலாய்டு புரதமும் முக்கியக் காரணம். உயர் அழுத்தத்தின் தனி அடையாளமாக சார்க்கோ சுட்டிய ஆழ்தமனிகளின் கசிவோ, ஸ்டாக்ஹோமில் திருகையும் தொகுஷிமாவில் குழாயையும் தூண்டிய அதே கசிவு. அதற்கு அந்த அகன்ற குழல் உதவவில்லை. ஆழத்துக்குச் செல்லுந்தோறும் நரம்பிழைகளின் கற்றை நெருங்குகிறது. அவற்றுக்கு இணையான பாதை நீள்கிறது. சீனாவின் மெல்லிய ஊசி காட்டிய நன்மையும் அமெரிக்கக் குழல் காட்டாத நன்மையும் இதே 92 பேரைப் போன்ற நோயாளிகளைப் பற்றியன. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வுக்கு அவர்களே உரியவர்கள்.